ஜாம் பாட்டிலில் காகித விளக்கு: பிள்ளைகளோடு முதல் தடவை செய்பவர்களுக்கு

நானும் பிள்ளைகளும் முதன்முதலில் செய்த காகித விளக்கு பகலில் அவ்வளவு அழகாக இருந்தது. சிவப்பு, நீலம், பச்சை, ஊதா என்று கையில் கிடைத்த தாளையெல்லாம் மூன்று அடுக்காக ஒட்டி, அதன் மேல் மினுமினுப்புத் தூள் தூவி, அதற்கும் மேல் பசை பூசி, ஊருக்கே காட்டலாம் போல இருந்தது. ராத்திரி உள்ளே விளக்கைப் போட்டு, அறை விளக்கை அணைத்தோம். ஒன்றுமே தெரியவில்லை. பாட்டிலின் வாய் வழியாக மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மேலே போனது, பாட்டில் இருட்டில் ஒரு கருப்புக் கட்டியாக உட்கார்ந்திருந்தது. "எரியுதா இல்லையா?" என்று சின்னவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

அன்று புரிந்தது: இது பார்க்க ஒட்டுவேலை மாதிரி இருந்தாலும் உண்மையில் வெளிச்சத்தை வைத்துச் செய்கிற வேலை. என்ன தாள், எத்தனை அடுக்கு, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று எதை முடிவு செய்வதாக இருந்தாலும், முதலில் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி பசையிலும் பொறுமையிலும் இருக்கிறது. பொறுமை உங்கள் பங்கு, பிள்ளைகளிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒட்டுவதற்கு ஒரு மணி நேரம், காய்வதற்கு ஒரு ராத்திரி ஆகும். "இன்னைக்கே ஏத்தலாமா?" என்ற கேள்வி நிச்சயம் வரும், அதனால் நாளைக்குத்தான் என்பதை உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.

பாட்டில் எப்படி இருக்க வேண்டும்

வாய் அகலமாக, உடம்பு நேராக இருக்கும் பாட்டில்தான் முதல் தடவைக்குச் சரி. உள்ளே விளக்கை வைத்து எடுக்க ஒரு பெரியவர் கை நுழைய வேண்டும், அதுதான் அளவு. கழுத்து ஒடுங்கி, தோள் வளைந்து, உடம்பில் பூவேலைப்பாடு புடைத்து நிற்கும் பாட்டில்கள் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் தட்டையான தாளை வளைவில் ஒட்டினால் சுருங்கத்தான் செய்யும், பிள்ளைகளுக்கு அங்கேதான் சலிப்பு தட்டும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் சின்னக் கைக்கு அடங்கும் சின்ன பாட்டிலே போதும். பெரிய பாட்டில் கனமாக இருக்கும், பசைக் கையில் வழுக்கும். பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு முன் விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா, எங்காவது கீறல் ஓடுகிறதா என்று நீங்கள் ஒரு தடவை பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்த பாட்டில் வேண்டாம்.

லேபிளை எடுப்பது தனிக் கதை. சூடான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டால் காகிதம் உரிந்து வந்துவிடும், பிசுபிசுப்பு மட்டும் அப்படியே நிற்கும். நகத்தால் சுரண்டி நேரத்தை வீணாக்காதீர்கள். சமையல் எண்ணெயும் சமையல் சோடாவும் சம அளவு குழைத்துத் தடவி, பத்து நிமிடம் விட்டு, பழைய துணியால் தேய்த்தால் உருண்டு உருண்டு வந்துவிடும். அப்புறம் அந்த எண்ணெய் போகும்வரை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். இதில் அவசரப்பட்டுத்தான் எங்கள் இரண்டாவது பாட்டிலில் ஒரு பக்கத் தாள் முழுக்கப் பொரிந்து எழும்பியது. கண்ணாடியில் எண்ணெய்ப் பசை இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. கடைசியாகக் கொஞ்சம் வினிகரோ ஸ்பிரிட்டோ தொட்டுத் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகு வெளிப்பக்கத்தை விரலால் தொடாமல் வைப்பது நல்லது. பிள்ளைகள் தொடத்தான் செய்வார்கள். பரவாயில்லை, ஒட்டுவதற்கு முன் இன்னொரு தடவை துடைத்தால் போயிற்று.

தாளும் நிறமும்

டிஷ்யூ தாள் என்றதும் மூக்கு துடைக்கும் தாளை எடுத்து வந்துவிடாதீர்கள். பரிசுப் பொருளைச் சுற்றி வைப்பார்களே, கையில் எடுத்தால் சரசரக்கும் மெல்லிய வண்ணத் தாள், அது. பட்டம் கட்டுகிற தாளும் அருமையாக ஒட்டும், வெளிச்சத்தையும் நன்றாக விடும். படம் அச்சிட்ட மேசைத் துடைப்புத் தாள் வீட்டில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், ஆனால் அது இரண்டு மூன்று அடுக்காக இருக்கும். படம் உள்ள மேல் அடுக்கை மட்டும் மெதுவாக உரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த உரிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வார்கள். கிரேப் தாளில் ஒரு சிக்கல், ஈரம் பட்டதும் சாயம் ஓடும், கையும் மேசையும் சிவக்கும். சாதாரண வரைதாள், பத்திரிகைத் தாள் எல்லாம் வேண்டாம், வெளிச்சத்தை மறைத்துவிடும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் கருப்புக் கட்டிக்குக் காரணம் அதுதான். தாளில் உள்ள நிறம் வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை, வடிகட்டுகிறது. மஞ்சள் தாளுக்கு மேல் சிவப்புத் தாள் விழுந்தால் ஆரஞ்சாகவோ கனலும் சிவப்பாகவோ தெரியும், அழகுதான். சிவப்புக்கு மேல் பச்சை விழுந்தால், ஒன்று விட்ட வெளிச்சத்தை இன்னொன்று தடுத்துவிடும், சேற்று நிறம்தான் மிஞ்சும். அதனால் முதல் விளக்குக்கு ஒரே குடும்ப நிறங்களாக எடுங்கள்: மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு ஒரு கூட்டம், வெளிர்நீலம், இளம்பச்சை, வெள்ளை இன்னொரு கூட்டம். கருநீலம், ஊதா, அடர்பச்சை எல்லாம் வெளிச்சத்தை விழுங்கும், அங்கங்கே ஒரு துண்டு போதும். பிள்ளை அடர்நீலம்தான் வேண்டும் என்று நின்றால் சண்டை வேண்டாம், நீலத் துண்டுகளுக்கு நடுவில் வெள்ளைத் துண்டுகளை விட்டு ஒட்டச் சொல்லுங்கள், ராத்திரி அந்த வெள்ளைதான் நீலத்தை எடுத்துக் காட்டும்.

தாளைக் கிழிப்பதா வெட்டுவதா? கிழியுங்கள் என்பதுதான் என் பதில். கிழித்த ஓரம் இழை இழையாக இருக்கும், ஒட்டியதும் பக்கத்துத் துண்டோடு கரைந்துபோகும். கத்தரியால் வெட்டிய ஓரம் கோடு கோடாகத் தெரியும், அந்தக் கட்டம் கட்டிய தோற்றம் வேண்டுமென்றால் மட்டும் வெட்டுங்கள். துண்டு ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் வசதி. 7 அல்லது 8 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் உள்ள பாட்டிலுக்கு, ஓரங்கள் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினால், 40 துண்டுகள் பிடிக்கும். 50 கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக் குழந்தைகூட உட்கார்ந்து கிழிக்கும், அந்தக் கிழிக்கும் சத்தத்துக்காகவே கிழிக்கும். தாளும் பசையும் வாய்க்குள் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பசை

காய்ந்தால் கண்ணாடி மாதிரி தெளியும் வெள்ளைப் பசைதான் வேண்டும், பள்ளிக்கூட ஒட்டுவேலைக்குப் பயன்படுத்துவது. இரண்டு பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துக் கலக்கினால் பால் ஏடு பதத்துக்கு வரும். ஒரு பாட்டிலுக்கு இரண்டு மேசைக்கரண்டிப் பசையும் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரும் தாராளம். தண்ணீர் கூடினால் தாள் நைந்து கையோடு வரும், குறைந்தால் தூரிகை இழுத்துக் கிழிக்கும்.

ஒட்டி முடித்ததும் பாட்டில் முழுக்க வெளுத்துப்போய் பால் கொட்டிய மாதிரி இருக்கும். பிள்ளைகளின் முகம் வாடிவிடும். பயப்படாதீர்கள். பசை ஈரமாக இருக்கும்போது நுண்ணிய துகள்கள் தண்ணீரில் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன, அதனால்தான் வெண்மை. தண்ணீர் ஆவியாகிப் போனதும் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தெளிவான படலமாகிவிடும். தாளின் இழைகளுக்கு நடுவே இருந்த காற்று இடைவெளியையும் அது அடைத்துவிடுவதால், காய்ந்த பிறகு தாள் முன்பைவிட அதிகமாக வெளிச்சம் விடும். எண்ணெய் பட்ட காகிதம் ஊடுருவித் தெரிகிறதே, அதே கணக்கு. மாவு காய்ச்சிய பசையையும் பயன்படுத்தலாம், ஆனால் அது தெளியாது, கொஞ்சம் மங்கலாகவே நிற்கும், பூச்சியும் பூஞ்சையும் வரும். அவசரத்துக்கு மட்டும்.

ஒட்டும் வேலை

மேசையில் செய்தித்தாள் விரிக்காதீர்கள். ஈரப் பசையில் அது ஒட்டிக்கொண்டு, விளக்கின் அடியில் நேற்றைய செய்தி தலைகீழாக நிற்கும். பிளாஸ்டிக் விரிப்பு போதும்.

ஒரு கையில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒட்டுவது பெரியவர்களுக்கே கஷ்டம். அதற்கு ஒரு வழி உண்டு. ஒடுங்கிய கழுத்துள்ள உயரமான தண்ணீர் பாட்டில் ஒன்றை நிரப்பி, மூடி, நிற்க வையுங்கள். ஜாம் பாட்டிலை அதன் தலையில் தொப்பி மாதிரி கவிழ்த்துவிடுங்கள். இப்போது பிள்ளை ஒரு விரலால் பாட்டிலைத் திருப்பித் திருப்பி ஒட்டலாம், குயவர் சக்கரம் போலச் சுற்றும், ஒட்டிய பக்கம் எதிலும் உராயாது, காய வைப்பதற்கும் அப்படியே விட்டுவிடலாம். தட்டிவிடுகிற வயது என்றால் இது வேண்டாம். ஒரு குளியல் துவாலையை வளையமாகச் சுருட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் போட்டு, பாட்டிலைப் படுக்க வைத்துப் பாதிப் பாதியாக ஒட்டலாம்.

முதலில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் கண்ணாடியில் பசை பூச வேண்டும். முழு பாட்டிலுக்கும் பூசினால் கடைசிப் பக்கம் வருவதற்குள் காய்ந்துவிடும். அந்த ஈரத்தில் துண்டுகளை வைத்து, மேலே இன்னொரு பூச்சு, நடுவிலிருந்து ஓரத்துக்கு. சொல்ல இவ்வளவுதான். ஆனால் என்ன நடக்கும் என்றால், பிள்ளையின் கட்டைவிரலில் பசை, அந்த விரலில் தாள். கண்ணாடியில் வைத்துவிட்டு விரலை எடுத்தால் தாளும் விரலோடு வரும். அதை மறு கையால் எடுக்கப்போனால் அந்தக் கையிலும் ஒட்டும். இப்போது இரண்டு கையிலும் தாள், பாட்டிலில் ஒன்றும் இல்லை, கண்ணில் தண்ணீர். தாளைக் கையால் தொடவே வேண்டாம் என்பதுதான் இதற்கு மருந்து. காய்ந்த துண்டுகளை ஒரு தட்டில் தனித்தனியாகப் பரப்பி வையுங்கள். தூரிகை நுனியைப் பசையில் தொட்டு, துண்டின் நடுவில் லேசாக ஒற்றினால் தாள் தூரிகையோடு எழும்பும். அதை அப்படியே கண்ணாடியில் வைத்து, தூரிகையைப் படுக்கவைத்து இழுத்தால் தாள் அங்கேயே நின்றுவிடும். இரண்டு மூன்று துண்டு நீங்கள் செய்து காட்டினால் போதும், பிடித்துக்கொள்வார்கள்.

சுருக்கம் விழும். விழட்டும். வெளிச்சம் வந்ததும் அந்தச் சுருக்கங்கள் இலை நரம்பு மாதிரி ஓடும், எனக்கு மழமழவென்று ஒட்டிய விளக்கைவிடச் சுருங்கிய விளக்குதான் பிடிக்கும். காற்றுக் குமிழியை மட்டும் தூரிகையால் ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் காய்ந்ததும் அங்கே தாள் தூக்கி நிற்கும். ஒட்டிய ஈரத் தாளைத் திரும்பத் திரும்பத் தேய்த்தால் திரித்திரியாக வந்துவிடும், ஒரு தடவை பூசிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும். தோள் வளைகிற இடத்தில் துண்டுகளை இன்னும் சிறிதாக, ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கிழியுங்கள். வாய்க்குக் கீழே ஒரு சென்டிமீட்டரும் மரைப் பகுதியும் வெறுமையாக இருக்கட்டும், கம்பி கட்ட அந்த இடம் வேண்டும்.

ஓரங்கள் ஏறும் இடம் தவிர, ஒரே அடுக்குதான். பாதியில் ஒரு தடவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பாருங்கள். வெறும் கண்ணாடி தெரியும் ஓட்டைகளை அடையுங்கள், இல்லையென்றால் அந்த ஓட்டை வழியாக உள்ளே இருக்கும் விளக்கு நேராகக் கண்ணில் குத்தும். இருண்ட இடத்தின் மேல் இனி ஒன்றும் ஒட்டாதீர்கள். ஒட்டக் கூடாத இடத்தில் பிள்ளை ஒட்டிவிட்டால் உடனே எடுத்துச் சரிசெய்யக் கை பரபரக்கும். கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

கருப்பு உருவங்கள்

ஏழெட்டு வயதுக்கு மேல் என்றால் இதைக் கட்டாயம் சேர்க்கலாம். கருப்புத் தாளில் மீன், பறவை, வீடு, மரம் என்று வெட்டி வண்ணத் தாளுக்கு மேலே கடைசியாக ஒட்டினால், பகலில் ஒட்டிய படமாகத் தெரிவது ராத்திரி நிழலாக மாறிவிடும். கண், செதில் என்று உள்ளே கோடு போட்டாலும் தெரியாது, வெளி வடிவம் மட்டும்தான் பேசும், அதனால் ஓரத்திலேயே அது என்ன பிராணி என்று தெரியும்படி வெட்ட வேண்டும். மெல்லிய கால், கொடி எல்லாம் பசையில் நனைந்து அறுந்துவிடும். உருவத்தின் அகலம் பாட்டில் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் யானையின் தலை இந்தப் பக்கம், வால் அந்தப் பக்கம், ஒரே பார்வையில் யானை கிடைக்காது.

இன்னொரு விளையாட்டு: வண்ணத் தாளே ஒட்டாமல் வெறும் கண்ணாடியில் கருப்பு உருவங்களை மட்டும் ஒட்டி, உள்ளே ஒரே ஒரு சிறு விளக்கை வைத்தால், உருவங்களின் நிழல் பெரிதாகிச் சுவரில் விழும். வண்ணத் தாள் இருந்தால் அது வெளிச்சத்தைப் பரப்பிவிடுவதால் சுவரில் நிழல் தெளிவாக விழாது. இரண்டும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

உள்ளே எந்த விளக்கு

பிள்ளைகள் செய்த விளக்கில் நிஜ மெழுகுவர்த்தி வேண்டாம் என்பது என் முடிவு. காய்ந்த தாளும் பசையும் எரியக்கூடியவை, பாட்டிலின் வாய்ப்பக்கம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், மெழுகு தீர்ந்து திரி அடியில் எரியும்போது சூடு ஏறிக் கண்ணாடி விரிசல் விடலாம். பிள்ளைக்குத் தான் செய்த விளக்கைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்ற வேண்டும், அதுதான் அதன் ஆசை. நெருப்பை உள்ளே வைத்துவிட்டு "தொடாதே" என்று சொல்வதற்கு எதற்கு இந்தப் பாடு?

பேட்டரியில் எரியும் சிறு எல்.இ.டி. மெழுகுவர்த்தி போதும். ஆனால் அதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது, நெருப்பைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. இவற்றில் பெரும்பாலும் நாணயம் போன்ற பட்டன் பேட்டரிதான் இருக்கும், சி.ஆர்.2032 என்று போட்டிருந்தால் அது 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். சின்னக் குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாகி வெந்துபோகும். தீர்ந்துபோன பேட்டரியும் அதையே செய்யும். எனவே பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடியதாக இருக்க வேண்டும், மாற்றுவது பெரியவர் வேலை, பழைய பேட்டரியை அப்போதே டேப் சுற்றி எட்டாத இடத்தில் வைத்துவிட வேண்டும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே அறிகுறிக்குக் காத்திருக்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள். மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் இருக்கும் வீட்டில், பென்சில் பேட்டரியில் எரியும் சர விளக்கை உள்ளே சுருட்டி வைத்து, பேட்டரிப் பெட்டியை வெளியே கட்டிவிடுவதுதான் எனக்கு நிம்மதி. சர விளக்கில் வெளிச்சம் ஒரே இடத்தில் குவியாமல் பாட்டில் முழுக்கப் பரவும் என்பது கூடுதல் லாபம்.

மஞ்சள், சிவப்புத் தாளுக்கு மஞ்சள் சாயல் உள்ள வெளிச்சம் பொருந்தும். நீலத் தாளுக்கு அது அழுக்காகக் காட்டும், வெள்ளை வெளிச்சம் எடுங்கள்.

காய்வதும் கைப்பிடியும்

ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. அதற்காகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, ராத்திரி முழுக்க விடுங்கள், மழைநாள் என்றால் இன்னும் அரை நாள். மறுநாளும் எங்காவது வெள்ளைத் திட்டு தெரிந்தால் அங்கே பசை தடித்து உள்ளே ஈரம் நிற்கிறது, அதுவும் தெளியும்.

கைப்பிடி கம்பிதான், அது உங்கள் வேலை. ஒரு மில்லிமீட்டர் தடிமனில் கையால் வளைகிற கம்பி. கழுத்தைச் சுற்றி இறுக்க 40 சென்டிமீட்டர், மேலே வளைவுக்கு இன்னொரு 40. முதல் கம்பியைக் கழுத்தில், மரைக்குக் கீழே சுற்றும்போது எதிரெதிராக இரண்டு இடத்தில் ஒரு பென்சிலை வைத்து முறுக்கி, சிறு காதுகள் எடுத்துக்கொள்ளுங்கள்; இரண்டாவது கம்பியின் முனைகளை அந்தக் காதுகளில் கோத்து மடக்குங்கள். வெட்டிய முனை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, உள்பக்கமாக வளைத்து, மேலே டேப் ஒரு சுற்று. பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன் பாட்டிலில் மணலைப் போட்டு மெத்தைக்கு மேலே தூக்கி ஆட்டிப் பாருங்கள், கம்பி நழுவுவதாக இருந்தால் அங்கேயே நழுவட்டும்.

விளக்கைத் தண்ணீரில் கழுவக் கூடாது, மழையில் விடக் கூடாது, பசை மறுபடி பாலாகிவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். வெயில் படும் ஜன்னலில் வைத்தால் சில வாரங்களில் தாள் வெளுக்கும், இளஞ்சிவப்பு முதலில் போகும். போகட்டும், சூடான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டால் தாளும் பசையும் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும், அதே பாட்டிலில் அடுத்த விளக்கைச் செய்யலாம்.

எங்கள் வீட்டுக் கருப்புக் கட்டியையும் அப்படி ஊறப்போட்டுவிடலாம் என்று ஒரு நாள் எடுத்தேன். சின்னவள் விடவில்லை. இப்போது அதில் பென்சில்கள் நிற்கின்றன.